மணி காட்டாத கடிகாரம்

நோயாளியாக இருப்பதும் ஒரு உத்தியோகம்தான், என்ன, லீவு மட்டும் கிடையாது. சக பைபோலார் தோழர்களே, மனசு ஒரு மாசம் ராக்கெட், மறு மாசம் பாறாங்கல் என்று அல்லாடும் என் இனத்தவர்களே, இது உங்களுக்குத்தான்!

போன வருஷம் பிளஸ் டூ பரீட்சை நேரத்தில் எனக்கு ராக்கெட் கிளம்பிவிட்டது. தூக்கமே இல்லை. பள்ளிக்கூட மைக்கில் ஹெட்மாஸ்டர் குரலிலேயே லீவு அறிவித்தேன். பாதிப் பள்ளிக்கூடம் கலைந்துபோனது. நான் ஆஸ்பத்திரியில், பரீட்சை அம்பேல். இந்த வருஷம் செங்கல்பட்டு டாக்டர் என் இடது மணிக்கட்டில் ஒரு சின்னப் பெட்டியைக் கட்டிவிட்டார். கை அசைவதை எல்லாம் அது பதிந்துகொள்ளும். வாராவாரம் கம்ப்யூட்டரில் மாட்டினால் நான் எவ்வளவு ஆடினேன், எவ்வளவு தூங்கினேன் என்று கோடு வரும். கோடு எகிறினால் மறுபடி அட்மிஷன், மறுபடி பரீட்சை போச்சு.

விசில்

கல்பாக்கத்திலிருந்து செங்கல்பட்டு போகும் பஸ்ஸில் கண்டக்டர் என் கையைப் பார்த்து மணி கேட்டார். ரேடியோ செய்தி வாசிப்பவர் மாதிரி தொண்டையைச் செருமி, “இப்போது நேரம்... எனக்கும் தெரியாது” என்றேன். பெட்டியை உற்றுப் பார்த்தவர், “இன்னா தம்பி, முள்ளு இல்லாத வாட்ச்ச கட்டிகினு ஷோ காட்றியா?” என்று முறைத்தார்.

விட்டேனா? திருக்கழுக்குன்றம் தாண்டியதும் அவர் விசிலை அச்சு அசலாக வாயாலேயே ஊதினேன். நட்ட நடு ரோட்டில் பஸ் நின்றது. டிரைவர் திரும்பிக் கத்த, கண்டக்டர் தலையில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: “அண்ணாத்த, சத்தியமா நான் ஊதல, இவன் வாயி ஊதிச்சு!”

அம்மா

மாடி வீட்டு மாமா சிலிண்டர் ஆபீசுக்கு போன் போட்டுச் சண்டை பிடிப்பதை அப்படியே செய்து காட்டினேன். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். கூடவே நானும் சிரித்தேன். சட்டென்று அவள் சிரிப்பு நின்றுவிட்டது. என் கண்ணையே பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்: “டேய், இது நீ சிரிக்கிறியா, இல்ல அது சிரிக்குதா?”

யானை

ஸ்டடி ஹாலிடேஸில் காலையில் படிப்பு, மத்தியானம் மாமல்லபுரத்தில் நண்பன் ஏழுமலையின் சிற்பப் பட்டறை. ஒரு குட்டி யானையை என்னிடம் கொடுத்திருந்தார்கள். நான் இடது கைக்காரன், சுத்தியலும் அந்தக் கையில்தான். டங் டங்கென்று உளியில் அடிக்க அடிக்க அப்படி ஒரு குஷி! கடைசி நாள் அதே குஷியில் ஓங்கிப் போட்டேன். ஏழுமலை ஓடிவந்து பார்த்தான்: “தும்பிக்கையவே பேத்துட்டியா மச்சான்! இனிமே இத்த பன்னின்னு சொல்லித்தான் வெள்ளக்காரன்கிட்ட விக்கணும்.”

மலைத்தொடர்

அந்த வாரக் கோட்டைப் பார்த்ததும் டாக்டருக்கு முகம் மாறிவிட்டது. தினமும் மத்தியானம் இமயமலை! “அட்மிட் பண்ணிடலாமா சார்?” என்று அப்பாவிடம் கேட்டார். அடுத்த திங்கள் பரீட்சை. நான் படபடவென்று விளக்க ஆரம்பித்தேன். வேகமாகப் பேசப் பேச டாக்டரின் புருவம் உயர்ந்துகொண்டே போனது. சரி, வார்த்தை வேலைக்காகாது. கையை ஓங்கி, வாயாலேயே “டங், டங், டிங்!” என்று முழுப் பட்டறையையும் அந்த அறைக்குள் கொண்டுவந்தேன்.

டாக்டர் என் கையைப் பார்த்தார், “ஏம்ப்பா, நீ இடது கைக்காரனா? நான் கேக்கவே இல்லையே!” என்றார். பெட்டியைத் திரும்பக் கட்டி, முழங்காலைத் தட்டிப் பார்க்கும் அவருடைய சுத்தியலை அதே கையில் கொடுத்து, மேஜையில் அடிக்கச் சொன்னார். அடித்தேன். பெட்டியைக் கழற்றி மறுபடி மாட்டினால், கம்ப்யூட்டரில் அதே இமயமலை! உடனே ராத்திரிக் கோடுகளைத் தேடிப் பார்த்தார். எல்லா ராத்திரியும் வயல்வெளி மாதிரி சமதரை. அப்பா பக்கம் திரும்பினார்: “கும்பகர்ணன் மாதிரி தூங்கியிருக்கான் சார். இது வியாதி இல்ல, உங்க பையன் சும்மா சந்தோஷமா இருக்கான். பரீட்சைக்கு அனுப்புங்க.”

எழுதினேன், தேறினேன், ஆனால் சந்தோஷமாக இருப்பதற்கு டாக்டரின் அனுமதி வாங்கிக்கொண்டு பரீட்சை ஹாலுக்குள் நுழைந்தவன் தமிழ்நாட்டிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.