மறுபடி சொல்லச் சொன்ன சித்தி

“நீ பேசுறதே கேக்கல,” என்றாள் சித்தி. மூக்குக்கண்ணாடிக் கடையின் கண் சோதனை அறையில் இருவரும் லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தோம். சாதாரணமாகத்தானே பேசினேன் என்றேன். “வாய்க்குள்ளயே பேசுற. ரெண்டு பாஷை படிச்சு என்ன, ரெண்டுலயும் முணுமுணுப்புதான்.” பள்ளிக்கூடத்திலும் இதையே சொன்னார்கள் என்று ஒப்புக்கொண்டேன். “பாத்தியா? பேச்சுப் பயிற்சிக்குப் போ.” சரி என்றேன். அந்தச் சரியையும் மறுபடி சொல்லச் சொன்னாள்.

போனேன். என்னைப் பற்றி யார் குறை சொன்னாலும் உடனே நம்பிவிடுவேன். பத்து வாரம், என்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று வயிற்றிலிருந்து குரல் எழுப்பினேன். குளியலறையில் ஒத்திகை பார்த்தபோது மாடி வீட்டுக்காரர் கதவைத் தட்டி, யாருக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்தார். பயிற்சி முடிந்த கையோடு, கடைக்கு வந்த ஒருவரிடம் அந்தப் புதுக் குரலில் என்ன வேண்டும் என்று கேட்டேன். ஒன்றும் வேண்டாம் என்று போய்விட்டார். சித்தி மட்டும், இப்போதுதான் மனுஷி மாதிரிப் பேசுகிறேன் என்று பாராட்டினாள்.

சித்தி என் அம்மாவின் தங்கை. அப்போது அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. அந்தக் கடையில் இருபத்திரண்டு வருடமாகப் பவர் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பதைத் தாண்டியவர்களைப் படிக்கும் கண்ணாடி போட வைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. வெளிச்சம் போதவில்லை, எழுத்தைப் பொடியாக அடித்துவிட்டார்கள், நேற்றுத் தூக்கமில்லை என்று அவர்கள் சொல்லும் சாக்குகளையெல்லாம் மதியச் சாப்பாட்டின்போது குரல் மாற்றி நடித்துக் காட்டுவாள். எனக்குப் புரையேறும்.

அந்த வருடம், புதிதாகப் போட்டுக் கொடுத்த கண்ணாடிகள் திரும்பி வரத் தொடங்கின. முதலாளி ஒரு நாள் முழுக்கச் சோதனை அறையில் உட்கார்ந்து காரணத்தைக் கண்டுபிடித்தார். வந்தவர் பலகையிலுள்ள எழுத்தைச் சரியாகத்தான் வாசிக்கிறார். லென்ஸ் பெட்டிப் பக்கம் திரும்பி நிற்கும் சித்தி, மறுபடி சொல்லுங்க என்கிறாள். தப்பாகச் சொல்லிவிட்டோம் போலிருக்கிறது என்று அவர் வேறு எழுத்துக்குத் தாவுகிறார். சித்தி பவரை ஏற்றுகிறாள். இன்னும் ஒரு கண்ணாடி திரும்பி வந்தால் ஃபிரேம் துடைக்கும் மேஜைக்கு வந்துவிட வேண்டியதுதான் என்று முதலாளி சித்தியிடம் சொல்லிவிட்டார்.

அன்று சாப்பிடும்போது சித்தி யாரையும் நடித்துக் காட்டவில்லை. வருகிறவர்களும் என்னைப் போலவே முணுமுணுக்கிறார்கள் என்றாள். அத்தனை பேரையும் பயிற்சிக்கு அனுப்ப முடியாதே என்று நான் நிஜமாகவே கவலைப்பட்டேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த வாரம் எங்கள் கடைக்குக் காதுக் கருவிகளும் விற்பனைக்கு வந்தன. டாக்டர் சீட்டு இல்லாமலே வாங்கலாம். காது லேசாக மந்தமான பெரியவர்களுக்கு மட்டும் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தது. விற்கிறவர்கள் முதலில் தங்கள் காதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார் முதலாளி. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒலி கேட்கும்போதெல்லாம் திரையைத் தொட வேண்டும். சித்தி மாட்டிக்கொண்டாள். விரலைத் திரைக்கு மேலே தயாராக வைத்தபடி காத்திருந்தாள். வெகுநேரம் கழித்து, எப்போது ஆரம்பிக்கும் என்று என்னைக் கேட்டாள். திரையில் ஐந்தாவது ஒலி ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு காதிலும் லேசான குறைபாடு என்று முடிவு வந்தது.

“கடைல ஒரே இரைச்சல்,” என்றாள் சித்தி. “மெஷின்லயும் சத்தத்தைப் பொடியா வச்சிருக்காங்க. நேத்து வேற எனக்குச் சரியாத் தூக்கமில்ல.” மூன்றாவதைச் சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாதியில் அடக்கிக்கொண்டு எழுந்து போனாள். நான் என் பத்து வாரங்களை நினைத்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் கடை திறக்கும் முன்பே வந்தாள். மேஜைக்கு எங்கள் பக்கம் வராமல், வாடிக்கையாளர்களின் முக்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் அதுவரை ஒரு துடைக்கும் துணியைக்கூட விற்றதில்லை என்பது அவளுக்குத் தெரியும். பயிற்சிக் குரலில் வணக்கம் சொன்னேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

“கத்தாத. உன் பழைய குரல்லயே பேசு. எதைப் போட்டா அது கேக்குதோ, அதை எடுத்துக்கறேன். நடுவுல சாக்கு சொல்லுவேன், விட்டுடாத. பத்து மணிக்குப் பவர் பாக்க ஆள் வந்துடும். அதுக்குள்ள எனக்கு ஒண்ணு வித்துடு.”