சுட்ட தாளை எடுக்கப் போகிறவர்

ஒடென்சேயிலிருந்து வந்த நான், விபோர்க் நகருக்கு வெளியே ஒரு சுடுதளத்தில் நிற்கிறேன். ஊரின் துப்பாக்கி சுடும் கழகம் எங்களைப் போன்ற புதிய அகதிகளை விருந்தாளிகளாக அழைத்திருக்கிறது. தாய்மாரும் பிள்ளைகளும் உறையிட்ட துவக்குகளோடு சைக்கிளில் வருகிறார்கள்.

“மட்டை கொண்டு விளையாட வாற மாதிரியெல்லே வருதுகள்!” என்கிறார் என்னோடு வந்த மன்னார் அந்தோனி.

அவரும் ஐந்து குண்டுகள் சுடுகிறார். பிறகு எல்லோரும் துவக்குகளைப் பாயில் வைத்துவிட்டு, எதிரே உள்ள இலக்குத் தாள்களை எடுக்க நடக்கிறார்கள். அந்தோனி அசையவில்லை.

“என்ரை தம்பியை ஆமி இப்பிடித்தான் முன்னாலை நடக்கவிட்டுச் சுட்டது, அண்ணை.”

கழகத்தை நடத்தும் இங்கர் அம்மையாரிடம் இதை ஆங்கிலத்தில் சொல்கிறேன். அவர் துவக்குகளை ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளே குண்டில்லை என்று காட்டுகிறார்.

“அவருடைய தாளை நானே எடுத்து வரட்டுமா?” என்று என்னிடம் கேட்கிறார். அதை அந்தோனிக்குச் சொல்கிறேன்.

“வேண்டாமெண்டு சொல்லுங்கோ. சுட்டது நான், நான்தான் எடுப்பன்.”

துவக்குகளைப் பார்த்தபடியே அந்தோனி இலக்குப் பக்கமாகப் பின்னோக்கி நடக்கிறார். ஒரு சிறுமி சிரிக்கிறாள். பாதித் தூரத்தில் நிற்கிறார், சட்டையை இழுத்துச் சரிசெய்கிறார். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, மிச்சத் தூரத்தையும் ஓடாமல் நடக்கிறார்.