காடாம்புலியூரில் எரிந்த போர்டு

2004 மார்ச் 14, ஞாயிறு, காலை 9.10. மேசையில் நான்கு மதர்போர்டுகள், ஐந்து பிராசசர்கள். பூசை முடிந்து எட்டரைக்கே வந்திருக்க வேண்டிய ஸ்டெல்லாவைக் காணோம். எரிச்சலோடுதான் காத்திருந்தேன். வந்தது அவர் தம்பி சேவியர். "அக்கா போயிட்டாங்கண்ணே" என்றான். மஞ்சள் காமாலை. புதன்கிழமையே படுத்துவிட்டாராம். எனக்கு அதுகூடத் தெரியாது.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு ஸ்டெல்லாவைத் தெரியும். நிலக்கரி மைன்ஸ் காண்ட்ராக்டர் ஒருவரின் அலுவலகத்தில் ஏழு வருடம் டேட்டா என்ட்ரி, கடைசிவரை பெர்மனென்ட் ஆகவில்லை. நான் எலெக்ட்ரிகல் டிப்ளமோ, நானும் காண்ட்ராக்ட். அலுவலகங்கள் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர்களைப் பிரித்து, நல்ல பாகங்களைச் சேர்த்து, காடாம்புலியூரில் மடத்துச் சிஸ்டர் ஒருவர் நடத்தும் பெண்கள் பயிற்சி மையத்துக்குக் கொடுப்பது என்பது அவர் யோசனை. ஞாயிறுதோறும் என் அப்பாவின் குவார்ட்டர்ஸ் வராந்தாவில் வேலை.

முதல் நாளே சண்டை. ஒரு பிராசசரைச் சாக்கெட்டில் வைத்து பக்கத்து நெம்புகோலை அழுத்தி, "பாரு, அழகா ஒக்காந்துடுச்சு" என்றேன்.

"ஒக்காந்தா ஆச்சா? எத்தினி வோல்ட்டுன்னு பாத்தீங்களா, டிப்ளமோ சார்?"

சாக்கெட் ஒன்றுதான். பழைய பென்டியத்துக்கு 3.3 வோல்ட், பின்னால் வந்த எம்எம்எக்ஸுக்கு 2.8. அந்தப் போர்டுகளுக்குத் தானாக வித்தியாசம் தெரியாது. ஜம்பர் என்ற பொடித்துண்டை நாம்தான் மாற்றிச் செருக வேண்டும். படித்தது நான், பார்த்தது அவர். நாள் முழுக்க உதிரிபாக எண்களை அடிப்பவர். ஓர் எழுத்து மாறினால் வேறு பொருள் வந்து இறங்கும் என்று அறிந்தவர்.

மாதா கோவிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, தடை இருந்தால் சொல்லச் சொல்வார்கள் அல்லவா, அதேபோல ஸ்டெல்லா ஒவ்வொரு ஜோடியையும் மூன்று ஞாயிறு ஓடவிட்டு, சூடு ஏறுகிறதா என்று தொட்டுப் பார்ப்பார். "இந்த போர்டுக்கும் இந்த பிராசசருக்கும் தடை ஏதாச்சும் தெரிஞ்சவங்க சொல்லிடுங்க" என்று சாமியார் குரலில் அறிவிப்பார். அதன் பிறகுதான் கம்ப்யூட்டர் மூடியில் மூன்று டிக் போடுவார்.

"போதும் ஸ்டெல்லா, அதுக்குள்ள இதுங்க பேரப்புள்ள எடுத்துடும்."

"உனக்கும் இப்டி அவசரத்துலதான் ஒருத்தி அமையப்போறா, பாலு."

ஜனவரியில் சிஸ்டர் ஆறு கம்ப்யூட்டர் கேட்டார். ஐந்துதான் மூன்று ஞாயிறு தாண்டியிருந்தன. ஸ்டெல்லா சேத்தியாத்தோப்பில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். ஆறாவதை நான் பொருத்தினேன். அது எம்எம்எக்ஸ்; ஜம்பர் 3.3-இல் இருந்ததை நான் பார்க்கவில்லை. ஓடியது. மூடினேன். மூன்று டிக்கையும் நானே போட்டேன்.

மையத்துக்குப் போன ஒன்பதாம் நாள் அது புகைந்தது. அதில் டைப் அடித்துக்கொண்டிருந்த பெண் அலறியடித்து ஓடினாளாம். பிராசசரும் போச்சு, போர்டும் போச்சு. நாங்கள் இருவரும் போனோம். ஸ்டெல்லா மூடியைக் கழற்றினார், ஜம்பரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு, "நான்தான் சிஸ்டர், கவனிக்காம வுட்டுட்டேன்" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் ஏன் என்று கேட்டேன்.

"உன் பேரச் சொன்னா நீ அங்கயே எகிறுவ. அவங்களும் இனிமே வராதீங்கன்னுடுவாங்க. பொண்ணுங்களுக்குப் பரீட்சை வருது. நீயே ஒரு நாள் பொறுமையா போயி சொல்லு."

அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று இரண்டு மாதம் ஓட்டினேன். அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் சிஸ்டர் என் பக்கத்தில்தான் நின்றார். "தங்கமான பொண்ணு. என்ன, கொஞ்சம் கவனக்குறைவு" என்றார். நான் ஒரு பிடி மண் எடுத்துக் குழியில் போட்டுவிட்டு நகர்ந்தேன்.

கவனக்குறைவு என்னுடையது. அந்தச் சொல் ஸ்டெல்லா பெயரோடு இனி ஒருநாள்கூட இருக்கக் கூடாது. அவருடையதாக என்னிடம் இருப்பது ஒரு கோடு போட்ட நோட்டு. எங்கள் கைக்கு வந்த ஒவ்வொரு பிராசசரின் எண்ணும் வோல்டேஜும் அதில் பென்சிலால் எழுதியிருக்கிறது. அதை வைத்துக்கொள்ளச் சேவியர் சம்மதித்தான். இனிச் செய்யப்போவது:

1. வரும் சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் காடாம்புலியூர் போய், எரிந்த போர்டில் ஜம்பரைக் காட்டி, பொருத்தியவன் நான், பொய் டிக் போட்டவனும் நான் என்று சொல்வேன்.

2. மையத்தில் காலியாகக் கிடக்கும் ஆறாவது மேசையில் என் சொந்தக் கம்ப்யூட்டரை வைப்பேன்.

3. சிஸ்டர் திட்டி முடிக்கும்வரை, குறுக்கே பேசாமல் உட்கார்ந்திருப்பேன்.