பள்ளி திறப்பு தள்ளிவைப்பு

வெயிலால் பள்ளி திறப்பு ஒரு வாரம் தள்ளிப்போகிறது என்று டிவியில் சொன்னதும் என் மகள் குதித்தாள். ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்திருந்த நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இதே செய்தியை ரேடியோவில் கேட்டு நானும் ஒரு ஜூனில் குதித்தவள்தான். மறுநாள் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் அம்மா என்னைக் காந்தி மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனாள். மண்டியில் அவள் அழுகல் வெங்காயத்தைப் பொறுக்கிப் போட, நான் பக்கத்தில் சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தேன். வெங்காயச் சருகு தலையெல்லாம் ஒட்டியது. முதலாளி என் பக்கம் திரும்பும்போதெல்லாம் அம்மாவின் கை வேகமாகும்.

“ஸ்கூல் இல்லைன்னு உனக்கு சந்தோஷமா இல்லையாம்மா?” என்று கேட்டேன்.

“இருக்குடி. கொஞ்சம் உள்ள தள்ளி உக்காரு.”

குதித்து முடித்த மகள் மூச்சு வாங்க அதையே கேட்டாள்.

“இருக்குடி,” என்றேன். “நாளைக்கு அம்மாவோட கடைக்கு வா. முதலாளி கண்ணுல படாம உக்காரணும்.”