கருங்கல்துறை பேசறேனுங்க

நம்புகிறவர்கள் நம்பட்டும். ராமாமணி யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. தேதி, மணி, நிமிஷம் எல்லாம் குறித்த நோட்டு இன்னும் அவரிடம் பத்திரமாக இருக்கிறது. இருட்டில் கண் ஏமாந்தது, தூக்கத்தில் காது ஏமாந்தது என்று தள்ளிவிடவும் முடியாது. இது நடந்தது பட்டப்பகலில்.

1997 ஜூலை 22, செவ்வாய்க்கிழமை.

ராமாமணிக்கு அப்போது முப்பத்தாறு வயது. கோயமுத்தூரில் வெள்ள எச்சரிக்கைக்கான வயர்லெஸ் பிரிவில் உதவிப் பொறியாளர். ஆர்.எஸ்.புரத்தில் வாடகை வீடு. அன்று காலை பதினொரு மணிக்கு அவருடைய மேலதிகாரி சுந்தரராஜுலு கூப்பிட்டனுப்பினார். மேஜை மேல் ஒரு காகிதம் தயாராக இருந்தது. ஆற்றோரத்து எச்சரிக்கை நிலையங்கள் ஒன்பதையும் நேரில் போய்ப் பார்த்தேன், எல்லாம் ஒழுங்காக வேலை செய்கின்றன என்று டைப் அடித்திருந்தது. கையெழுத்துதான் பாக்கி.

"வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து ஆய்வுக் குழு வருதும்மா. நம்ம புது கம்ப்யூட்டர் சிஸ்டத்தப் பாக்கறாங்க. ஒரு கையெழுத்துப் போட்டுருங்க."

"நான் ஒரு நிலையத்தக்கூடப் பாக்கலீங்களே சார்."

"எதுக்குப் பாக்கோணும்? அதான் மணிக்கொருக்கா ஓகே, ஓகேன்னு அடிச்சுக் குடுக்குதல்ல?"

அடித்துக் கொடுத்தது உண்மைதான். ராமாமணி கம்ப்யூட்டர் அறைக்குப் போய், பிரிண்டர் கக்கியிருந்த தாள்களைப் புரட்டினார். ஒரு வருஷத்துத் தாள். ஒன்பது நிலையம், நாளுக்கு இருபத்து நான்கு மணி, எல்லாமே ஓகே. இடி விழுந்த நாளிலும் ஓகே. மூன்று நாள் கரண்ட் இல்லாத ஊரிலும் ஓகே. பன்னிரண்டு வருஷம் வயர்லெஸ் செட்டோடு மல்லுக்கட்டியவருக்கு அது உறுத்தியது.

"ஏன் கீதா, ஒரு தடவகூடவா பழுதே வரல?"

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த கீதா வாசலை ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "செய்தி வந்தாலும் ஓகேதானுங்க மேடம். வரலீன்னாலும் ஓகேன்னே அடிக்கற மாதிரி புரோகிராம எழுதச் சொல்லிப்போட்டாரு சார்."

ராமாமணி கையிலிருந்த தாள்களை மேஜை மேல் எறிந்தார். அந்தக் கோபத்துக்குக் காரணம் இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், 1995 ஜூலையில், ஒரு மதிய நேரம் மேலே அணையின் மதகைத் திறந்துவிட்டார்கள். கருங்கல்துறை என்ற கிராமத்தில் ஆற்றுக்குள் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்களும் குழந்தைகளுமாகப் பதினோரு பேர் தண்ணீரோடு போனார்கள். அந்த ஊர் எச்சரிக்கை நிலையத்தில் வயர்லெஸ் செட்டையும் அபாயச் சங்கையும் பார்த்துக்கொண்டிருந்த தம்பிதுரையும் போனார். அவர் உடல் கிடைக்கவில்லை. விசாரணை நடந்தது. 'நான் நாள் முழுக்கக் கோவை செட்டின் பக்கத்திலேயே இருந்தேன், கருங்கல்துறையிலிருந்து ஓர் அழைப்பும் வரவில்லை' என்று சுந்தரராஜுலு எழுதிக் கொடுத்தார். வேலை நேரத்தில் ஆள் இடத்தில் இல்லை என்று முடிவுகட்டி, செத்துப்போன மனுஷனை வேலையை விட்டு நீக்கினார்கள். அவர் பெண்டாட்டிக்குப் பென்ஷன் கிடையாது. அதற்கப்புறம் வந்ததுதான் இந்தப் புது ஏற்பாடு. நிலையத்தில் ஆள் வேண்டாம், பேச்சு வேண்டாம். ஒரு பெட்டி இருக்கும். அது கோயமுத்தூருக்கு எழுத்தாக அனுப்பும்.

ராமாமணி கையெழுத்துப் போடவில்லை. காகிதத்தைக் கைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். மேட்டுப்பாளையத்தில் வண்டி மாறி, கருங்கல்துறையில் இறங்கும்போது மணி 3:15. வெயில் சுள்ளென்று அடித்தது.

வெள்ளத்தில் பழைய நிலையம் அடியோடு போய்விட்டதால், மேட்டின் மேல் புதிதாக ஒற்றை அறை கட்டியிருந்தார்கள். கதவு திறந்திருந்தது. உள்ளே நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு காலி வாளி, பழைய துணி.

"வாங்கம்மணி. ஆபீசுங்களா?"

தம்பிதுரையின் மனைவி முத்தாத்தாள் அவள். அந்த அறையைக் கூட்டிப் பெருக்கத் தினக்கூலிக்கு அவளையே போட்டிருந்தார்கள்.

ராமாமணி பெட்டியைத் திறந்து பார்த்தார். பேட்டரி வைக்கிற தட்டு காலி. வாங்கியதாகக் கணக்கு இருக்கும், வாங்கவில்லை. கரண்ட் ஒயர் சுவர்வரை வந்து மொட்டையாக நின்றது. கூரைக்குப் போய்ப் பார்த்தார். ஏரியல் இல்லை. கம்பம் மட்டும் நின்றது.

கீழே ஆற்றில் நாலைந்து பெண்கள் துவைக்கிற சத்தம் கேட்டது. மறுபடியும் ஒரு நாள் மதகைத் திறந்தால், கோயமுத்தூரில் பிரிண்டர் ஓகே என்று அடித்துக்கொண்டிருக்கும். ராமாமணி உள்ளே வந்து நோட்டை எடுத்து ஒவ்வொன்றாக எழுதத் தொடங்கினார்.

எழுதும்போது இடது முழங்கை பெட்டியில் பட்டது.

சூடாக இருந்தது.

பேட்டரி இல்லாத பெட்டி... எப்படிச் சுடும்?

"பேசப் போறாருங்க," என்றாள் முத்தாத்தாள், சாதாரணமாக.

"யாரு, அக்கா?"

அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

மணி 3:41.

கர்ர்ர்... கர்ர்ர்...

"கோயமுத்தூருங்களா... கருங்கல்துறை பேசறேனுங்க. தண்ணி ஏறுதுங்க சார். மதகத் தொறந்துட்டாங்களா? ஆத்துக்குள்ள பொம்பளைங்க நிக்கறாங்க. சங்கு ஊத உத்தரவு குடுங்க சார்..."

குரல் பெட்டிக்குள்ளிருந்துதான் வந்தது. அந்தப் பெட்டியில் ஸ்பீக்கரே கிடையாது. ராமாமணிக்கு அது நன்றாகத் தெரியும்.

அப்புறம் இன்னொரு குரல். சலிப்பான குரல்.

"ஏப்பா, இங்க இன்ஸ்பெக்சன் நடந்துட்டிருக்குது. பெரியவங்க இருக்காங்க. லைன விடு."

அந்தக் குரலை ராமாமணி அன்று காலை பதினொரு மணிக்குக் கேட்டிருந்தார்.

கை தானாக நோட்டில் எழுதியது.

3:47. "சார், படித்துறை முங்கிப்போச்சுங்க. உத்தரவில்லாம ஊதுனா மெமோ குடுப்பீங்க... என்னங்க செய்யறது?"

"ரிப்போர்ட்டா எழுதி அனுப்பு. லைன விடு."

3:58. இப்போது குரலில் தண்ணீர் இருந்தது. வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுகிற குரல்.

"சார்... பொம்பளைங்களக் காணமுங்க சார்..."

"லைன விடுன்னு சொன்னன்ல?"

4:10. "எண்ணிப் பாத்துட்டனுங்க. பதினோரு பேருங்க."

பதிலுக்கு ஒரு செருமல் மட்டும் வந்தது.

அப்புறம் நீண்ட நேரம் ஒன்றுமில்லை...

சொட்... சொட்... சொட்...

ராமாமணி கீழே பார்த்தார். பெட்டிக்கு அடியிலிருந்து தண்ணீர் ஒழுகியது.

செம்மண் கலந்த தண்ணீர்.

4:26.

"தப்பா சொல்லிப்போட்டனுங்க சார். பன்னண்டு பேருங்க. எழுதிக்கங்க."

"ம்... எழுதியாச்சு. வை."

டக்.

அவ்வளவுதான்.

முத்தாத்தாள் எழுந்து, துணியால் தரையைத் துடைத்து வாளியில் பிழிந்தாள். தினமும் செய்கிற வேலையைச் செய்கிற மாதிரி செய்தாள்.

"ரெண்டு வருசமா, வெள்ளம் வந்த அதே நேரத்துக்குத் தெனமும் பேசறாருங்க. பழைய இடத்துல ஆத்தோரம் உக்காந்து கேப்பேன். இங்க பொட்டி வெச்சதும் இங்க வந்துட்டாரு. சொன்னா பைத்தியம்னுதான் சொல்லுவாங்க. ஆருகிட்டயும் சொல்லல." வாளியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "ஏனுங்கம்மணி, அந்த இன்னொரு கொரலு ஆருதுங்க? உங்களுக்குத் தெரியுமுங்களா?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். ராமாமணியின் வேலை, பிள்ளைகளின் படிப்பு, வீட்டு வாடகை எல்லாம் அந்த ஒரு பெயரில் தொங்கியது. அவர் பெயரைச் சொன்னார்.

முத்தாத்தாள் துணியை எடுத்து மறுபடியும் பிழிந்தாள்.

"அவருங்களா... எங்கூட்டுக்கு வந்து துக்கம் கேட்டுட்டுப் போனாருங்க. காப்பி வெச்சுக் குடுத்தனுங்க."

மறுநாள் காலை பத்து மணிக்கு ராமாமணி சுந்தரராஜுலுவின் அறைக் கதவைச் சாத்திவிட்டு, நின்றபடியே நோட்டைப் படித்தார். முதல் இரண்டு அழைப்புக்கும் அவர் சிரித்தார்.

"அந்தப் பொம்பள நல்லாக் கத கட்டியிருக்கா."

ராமாமணி நிறுத்தவில்லை. மூன்றாவது. நான்காவது. சிரிப்பு நின்றுவிட்டது. ஐந்தாவதைப் படித்ததும் அவர் முகம் சாம்பலாகப் போனது.

"பன்னண்டுன்னு... அத என்கிட்ட மட்டுந்தான சொன்னான்."

"அப்ப அழைப்பு வந்துச்சா சார்?"

"அந்தக் கொரலு இனி வரக் கூடாதுன்னுதான ஸ்பீக்கரே வேண்டாம்னு எழுதுனேன்..." என்று முனகியவர் சட்டென்று மேஜையைத் தட்டினார். "வெளிய போங்க!"

"பன்னண்டு உயிரு சார். சங்கு ஊத ஒரு வார்த்த சொல்ல உங்களுக்கு வாய் வரல. செத்தவன் மேல பழியப் போட மட்டும் வந்துதா?"

"வெளிய போன்னு சொன்னேன்!"

போனார். அந்தக் காகிதத்தை நாலாகக் கிழித்து அவர் மேஜை மேல் போட்டுவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை ஆய்வுக் குழு வந்தது. பிரிண்டர் ஓகே, ஓகே என்று அடித்தது. ராமாமணி எழுந்து, பேட்டரி இல்லை, ஏரியல் இல்லை, புரோகிராமே பொய் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். குரலைப் பற்றிச் சொல்லவில்லை. 'உறுப்பினரின் கருத்து குறித்துக்கொள்ளப்பட்டது' என்று எழுதிக்கொண்டார்கள். உறுப்பினரே அல்லாதவரை உறுப்பினர் என்று எழுதியதிலிருந்தே எவ்வளவு கவனமாகக் கேட்டார்கள் என்று தெரியும். பதினைந்தாம் நாள் ராமாமணிக்கு வெள்ளகோவில் ஸ்டோருக்கு மாற்றல். சுந்தரராஜுலுவுக்குப் பதவி உயர்வு.

ராமாமணி விடவில்லை. முத்தாத்தாளைக் கூட்டிக்கொண்டு வக்கீலிடம் போனார். வழக்கு இரண்டு வருஷம் இழுத்தது. 1999-இல் கோர்ட் உத்தரவுப்படி விசாரணைக் கோப்பின் நகல் கைக்கு வந்தது. அதில் நஞ்சுண்டன் என்ற பஸ் டிரைவரின் வாக்குமூலம் இருந்தது. வாங்கி, கோப்பில் வைத்து, அறிக்கையில் ஒரு வரிகூடச் சேர்க்காமல் விட்டிருந்தார்கள். அதை வைத்துத்தான் தம்பிதுரை பேரில் இருந்த பழி நீங்கியது. முத்தாத்தாளுக்குப் பென்ஷன் வந்தது.

வெள்ளம் வந்த அன்று எதிர்க்கரையில் வண்டியை நிறுத்தியபோது நஞ்சுண்டன் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். தம்பிதுரை சட்டையைக் கழற்றி ஆட்டிக்கொண்டு, கரையேறச் சொல்லிக் கத்திக்கொண்டே படித்துறைக்கு ஓடினார். தண்ணீர் அவரையும் சேர்த்து அடித்துக்கொண்டு போனது. அடுத்த நொடி நிலையம் இடிந்து, செட்டோடும் கம்பத்தோடும் ஆற்றில் விழுந்தது. வண்டியின் டிரிப் ஷீட்டில் நேரம் குறித்திருந்தது.

3:52.

ராமாமணி நோட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

3:58. 4:10. 4:26.

அந்த நேரத்தில் கருங்கல்துறையில் ஆளும் இல்லை, செட்டும் இல்லை.

ஆனால் கோயமுத்தூரில் ஒருவர், அந்த மூன்று முறையும் செட்டை எடுத்திருக்கிறார்.