எண்ணெய் இல்லாத குழாய்

காசிமேட்டிலிருந்து சுறா ஈரல் கொண்டுவரும் கன்னியம்மாதான் சொன்னாள். "நம்ம சௌந்தரிம்மா பூட்டாங்க சார். காத்தால எய்ந்துக்கவே இல்லியாம்." எனக்கு வேலை ஓடவில்லை.

ராயபுரத்தில் எங்கள் சுறா எண்ணெய்த் தொழிற்சாலையின் தலைமைக் கெமிஸ்ட் ஞானசௌந்தரி அம்மாள். தூத்துக்குடி வியாபாரக் குடும்பத்துப் பெண். எண்ணெயில் ஒரு ரசாயனத்தை விட்டால் நீல நிறம் வரும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு வைட்டமின். ஒருவர் கண்ணாடிக் குழாயில் ஊற்ற, இன்னொருவர் நிறம் மங்குவதற்குள் அளவு சொல்ல வேண்டும். எந்தப் பீப்பாய் என்று நிறம் பார்ப்பவருக்குச் சொல்லக் கூடாது; தெரிந்தால் கண் அதற்கேற்றபடி பார்க்கும். அவருடைய உதவியாளனான நான் ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டேன். "தம்பி, ஒம்ம வாயால என் கண்ணைக் கெடுத்திட்டீரே" என்று குழாயைக் கொட்டிவிட்டார்.

பிறகு, நிறத்தைத் தானே அளந்து முள்ளால் காட்டும் மெஷின் வந்தது. அது ஐப்பசி மழைக்காலம். எல்லாப் பீப்பாயும் அமோகமாக அளவு காட்ட, மானேஜருக்குத் தலைகால் புரியவில்லை. மாலைக்கண் வந்த குழந்தைகளுக்காக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய எண்ணெய் அது. சௌந்தரி அம்மாள் அளவுச் சான்றில் கையெழுத்துப் போட மறுத்தார். "அப்ப நீ போடு" என்று மானேஜர் என் பக்கம் திரும்பினார். எனக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை; வீட்டில் மனைவி நிறைமாதம்.

"தம்பி போட மாட்டார். நான் தடுத்தேன்னு எழுதிக்கிடுங்க" என்றார் அம்மாள்.

பிறகு எண்ணெயே விடாமல் ரசாயனத்தை மட்டும் ஒரு குழாயில் ஊற்றி மெஷினில் வைத்தார். முள் ஏறியது.

"எண்ணெய் இல்லாமலே வைட்டமின் வருது. இனிமே வெறுங்குழாயவே வித்துரலாம்."

ஈரல் நாற்றம் தாங்காமல் கடல் பக்கத்து ஜன்னல்களைத் திறந்து வைப்போம். ஈரக்காற்று பட்டு ரசாயனம் பால்போலக் கலங்கியிருந்தது. அந்தக் கலங்கலையும் மெஷின் நிறமென்றே எடுத்துக்கொண்டது. ஜன்னல்களைச் சாத்தி, குழாய்களைச் சூட்டில் உலர்த்தி, எல்லாவற்றையும் மறுபடி அளந்தோம். பாதிப் பீப்பாய்கள் ஆஸ்பத்திரிக்கு லாயக்கில்லை. அந்த வாரம் முழுவதும் ஈரல் நாற்றத்தோடு பஸ் ஏறிய என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

மெஷினை எப்படிச் சந்தேகப்பட்டீர்கள் என்று பின்னொரு நாள் கேட்டேன்.

"மெஷினை இல்ல தம்பி, நம்மளத்தான். கொறைச்சுக் காட்டுனா நாமளே ரெண்டு தடவ பாப்போம். சந்தோஷமா வந்தா ஒருத்தரும் பாக்க மாட்டோம்."

அவருக்கு அஞ்சலி செலுத்த வந்திருக்கும் உங்களில் பலருக்கு அவருடைய கண்டிப்பு நினைவிருக்கும். எனக்கு, என் பிழைப்பின் மேல் விழவிருந்த பழியைத் தன் பேரில் வாங்கிக்கொண்டவர் அவர். அந்த நன்றியை நேரில் ஒருநாளும் சொல்லவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் ஒரு பீப்பாய் மிக நல்ல அளவு காட்டியது. மனசுக்குச் சந்தோஷமாக இருந்தது. உடனே எழுந்து போய் ஜன்னல்களைச் சாத்தினேன்.