பொலி சொல்லாத நாள்

குளவி கொட்டி ஒன்பது மாசம். ஒடம்பு வீக்கம் ஒரு கிழமையில வத்திருச்சு. பயம் வத்தல. லயத்துல பக்கத்து வீட்டுக் காம்பிராவுல ஃபேன் சுத்துற சத்தம் கேட்டாலும் தலையை மூடிக்கிட்டு மூலையில உக்காந்துருவேன்.

எங்க தேயிலைத் தோட்டத்துல கொழுந்துல கை வைக்கிறதுக்கு முன்னால சாமிய நெனச்சு "பொலியோ பொலி"ன்னு சொல்லுவோம். அன்னைக்கு நான் பிந்திப் போனேன். கங்காணி ஏசினதுல பொலி சொல்லாமலே பறிக்க ஆரம்பிச்சேன். கொஞ்ச நேரத்துல மரத்துல இருந்த குளவிக் கூடு கலைஞ்சிருச்சு. பக்கத்து நெரையில நின்ன என் சிநேகிதி, ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே போயிட்டா.

நான் சொல்லாம விட்டதாலதான் அவ செத்தான்னு மனசு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. அதை யார்கிட்டயும் சொல்லல. கொழுந்து பறிக்கிற மலைக்குப் போற பாதையில கால் வச்சாலே திரும்பி ஓடி வந்துருவேன்.

வீட்டுல ஒருத்தராவது தோட்டத்து வேலைக்குப் பேர் போடணும், இல்லேன்னா தோட்டம் குடுத்த காம்பிராவ விடணும்னு ஆபிஸ்ல சொல்லிட்டாங்க. வீட்டுக்காரருக்கு இடுப்பு முடியாது.

"குளவிக்குப் பயப்படுறவ என்கூட எப்படிடி இருவது வருஷம் குடும்பம் நடத்தின?"ன்னு சிரிப்புக் காட்டிக்கிட்டே பலாங்கொடை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனார்.

அங்க மனசு வைத்தியம் பாக்குற சிங்களப் பொம்பள டாக்டர் நோனா, பயம் வரும்போது என்ன நெனக்கிறேன்னு எழுதச் சொன்னாங்க. கொப்பி முழுக்க ஒரே வரி: நான் பொலி சொல்லல. அதைச் சிங்களத்துல சொல்லிக் காட்டினேன்.

"அதுக்கு முன்னால ஒருநாளும் சொல்லாம விட்டதில்லையா?"ன்னு கேட்டாங்க.

மகளுக்குக் காய்ச்சலா கெடந்த கிழமை விட்டிருக்கேன். மழைக்கு முந்திப் பறிக்க ஓடின நாள்லயும் விட்டிருக்கேன். ஒண்ணும் நடக்கல.

"செத்துப்போனவங்க அன்னைக்குச் சொன்னாங்களா?"

நான் பாதை ஏறும்போதே மேல அவ பொலி சொல்ற குரல்தான் சத்தமா கேட்டுச்சு. அங்கேயே அழுதுட்டேன். சொல்லியும் போயிட்டாளே, முருகா.

அவங்க சொன்னபடி ஒரு கிழமை பாதையில நின்னேன், அடுத்த கிழமை மொத நெரையில. பயம் வந்தா ஓடாம, அது தணியிற வரைக்கும் நிக்கணும். வீட்டுக்காரர் ரோட்டோரத்துல கம்பை ஊனிக்கிட்டு நிப்பார்.

போன திங்கக்கிழமை பேர் போட்டேன். தூரத்துல புல்லு வெட்டுற மெஷின் இரைஞ்சதும் பழைய நெனப்பு வந்துச்சு. தேயிலைச் செடியை இறுக்கிப் புடிச்சுக்கிட்டு, "அவளும் சொன்னா, அவளும் சொன்னா"ன்னு மனசுக்குச் சொன்னேன். பயம் முழுசாத் தணியல. ஆனா நான் ஓடல. காம்பிரா தப்பிச்சது.

அப்புறம், பயத்துல இல்ல, கும்புடுறதுக்காக மட்டும், "பொலியோ பொலி"ன்னேன். எப்பவும் அவதான் திருப்பிச் சொல்லுவா. பக்கத்து நெரையில இப்ப வேற ஒரு புள்ள. அது காதுல பாட்டு கேட்டுக்கிட்டுப் பறிச்சுக்கிட்டிருந்துச்சு.